நிலாவாரை இலையில் பூச்சிமருந்து எச்சம்: மண்ணை எங்கே சோதிப்பது?

வணக்கம். விளாத்திகுளம் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் மானாவாரியாக நிலாவாரை என்னும் மூலிகை போட்டிருக்கிறேன். ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கவில்லை. ஆனாலும் இலையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லி, ஏற்றுமதி வியாபாரி சரக்கைத் திருப்பிவிட்டார். அறிக்கையைக் கேட்டால் மழுப்புகிறார். வயிற்றைச் சுத்தப்படுத்தக் கொடுக்கும் இலையில் விஷம் என்றால் யார் வாங்குவார்கள்?

எனக்கு இரண்டு சந்தேகம். அப்பா காலத்தில் இங்கே பருத்திதான்; 2011இல் தடை வரும்வரை எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தண்ணீராய்த் தெளித்தோம். அதற்கும் முந்தைய டி.டி.டி. மருந்து மண்ணில் பல ஆண்டுகள் தங்கக்கூடியது. அந்தப் பழைய மிச்சம்தான் இலையில் தெரிகிறதா? இல்லையென்றால், மேற்கே மிளகாய்ப் புஞ்சையில் அடிப்பது காற்றில் வந்து படிகிறதா? இலை காயும்போது ஈரம் போய்விடுவதால், எடைக்கு எடை எச்சம் கூடித் தெரியும் என்பது வேறு.

மண்வள அட்டை சத்துகள், கார அமில நிலை போன்றவற்றைத்தான் சொல்கிறது; மருந்து எச்சத்தைச் சொல்வதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எச்சத்தைப் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. அங்கே மாதிரி கொடுத்தவர்கள் யாராவது உண்டா? கட்டணம் எவ்வளவு? மண்ணை எந்த ஆழத்தில் எடுக்க வேண்டும்? இலையையும் சேர்த்து அனுப்பலாமா? வரப்போரம் அகத்தி வைத்து, பக்கத்துப் புஞ்சையின் மருந்துச் சாரலைத் தடுத்தவர்களும் சொல்லுங்கள். பத்து மூட்டை திண்ணையில் கிடக்கிறது.