வீட்டிலேயே முழு உடல் யாளி வேடம்: தலை கனக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: தேவகோட்டை அத்தை

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மகன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். பிப்ரவரியில் வரும் பள்ளி ஆண்டு விழாவில், கோயில் தூணிலிருந்து ஒரு யாளி இறங்கி வந்து ஆடுவதாக ஆறு நிமிட நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். அந்த யாளி அவன்தான். உச்சி முதல் பாதம் வரை மூடிய வேடத்தை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

பழைய செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, எங்கள் ஆச்சி காகிதக் கூழில் பெட்டி செய்த முறையிலேயே ஒரு பெரிய பானையின் மேல் அப்பித் தலையை உருவாக்கினேன். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. தராசில் வைத்தால் மூன்றே முக்கால் கிலோ. அதை அணிந்துகொண்டு பையன் பக்கவாட்டில் திரும்பினான். அவன் தலை திரும்பியது, யாளியின் தலை திரும்பவில்லை. மறுநாள் கழுத்து வலி என்று படுத்துவிட்டான்.

எடையைக் குறைக்க வழி உண்டா? விலங்கின் பின்னங்கால் போன்ற வளைவை மனிதக் காலில் எப்படிக் கொண்டுவருவது? உள்ளே இருப்பவனுக்குக் காற்றும் பார்வையும் எங்கிருந்து கிடைக்கும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பள்ளத்தூர் மூங்கில்

அம்மா, கூழ் பெட்டிக்கு ஏற்றது. அசையும் தலைக்கு ஏற்றதன்று. ஒரு விரல் கனத்துக்கு அப்பினால் அது சுவராகிவிடும். பொய்க்கால் குதிரைக் கூடு கட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எடையைத் தாங்குவது கூடாகவும், உருவத்தைக் காட்டுவது அதன்மேல் போர்த்திய தோலாகவும் இருக்க வேண்டும்.

மெல்லிய பிரம்பையோ சீவிய மூங்கில் பிளாச்சையோ தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, நெற்றி, தாடை, பிடரி ஆகிய மூன்றுக்கும் வளையங்கள் கட்டுங்கள். வளையங்களை நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் பசை தடவினால் போதும். ஆணி வேண்டாம், அது என்றைக்காவது உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கூட்டுக்குள் கட்டட வேலைக்காரர்கள் அணியும் தலைக்கவசத்தைப் பொருத்திக் கட்டிவிடுங்கள். அதன் உள்பட்டையைத் தலையின் அளவுக்கு இறுக்கிக்கொள்ளலாம். மோவாய்ப் பட்டையும் சேர்த்தால், பையன் திரும்பும்போது யாளியும் திரும்பும்.

காகிதத்தை விட மனம் வராவிட்டால், கூழுக்குப் பதிலாகக் கீற்றுகளாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, கூட்டின்மேல் கட்டிய துணியில் நான்கு அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முழுதாகக் காய்ந்த பின்னரே அடுத்த அடுக்கு. புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். ஆனால் அது நஞ்சு. முகத்தருகே இருக்கும் பொருளில் கலக்க வேண்டாம்.

யாளிக்கு முன்பக்கம் கனம் அதிகம்: துதிக்கை, தந்தம், திறந்த வாய் எல்லாம் முன்னே இருக்கின்றன. பின்மண்டையில் எதிர் எடை இல்லாவிட்டால் தலை கவிழ்ந்துகொண்டே இருக்கும். சிம்ம யாளியா, கஜ யாளியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துதிக்கை இல்லாத சிம்ம முகமாக இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

பதில் 2: கானாடுகாத்தான் தையல்

முன்னவர் தலையைப் பற்றிச் சொல்லிவிட்டதால் உடலுக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு வசதி இருப்பதைக் கவனித்தீர்களா? நம் மண்டபத் தூண்களில் யாளி பெரும்பாலும் பின்னங்கால்களில் எழுந்துதான் நிற்கிறது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் அப்படியே. ஆகவே பையன் நிமிர்ந்து நிற்பது குறையன்று, அதுதான் இலக்கணம். பிடரியும் சுருள் சுருளாகச் செதுக்கியிருப்பதால், விலை கூடிய செயற்கை ரோமத் துணியைத் தேடி அலைய வேண்டாம். ஸ்பாஞ்சைச் சுருளாக வெட்டி ஒட்டினாலே கல்லில் கண்ட பிடரி வந்துவிடும்.

உடலின் அளவை எடுக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய முழுக்கைப் பனியனையும் கால்சட்டையையும் பையனுக்கு அணிவித்து, அதன்மேல் அகலமான ஒட்டு நாடாவை, மூச்சை இறுக்காத அளவுக்கு, உடல் முழுவதும் சுற்றுங்கள். கழுத்தில் சுற்றவே கூடாது. பிறகு முதுகுப்பக்கம் நேராக வெட்டிக் கழற்றினால், அவன் உடலின் அச்சு உங்கள் கையில் இருக்கும். அதில் எங்கெங்கே தையல் வர வேண்டுமோ அங்கே கோடு போட்டு வெட்டித் தட்டையாக விரித்தால் அதுவே மாதிரி. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் இடமா வலமா, மேலா கீழா என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டு ஒருமுறை இரண்டு இடக்கால் தைத்தவன் நான்.

பின்னங்காலைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. விலங்கின் காலில் பின்னோக்கி மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் குதிகால் மூட்டு. அது விரல்களில் நிற்கிறது. மனிதன் பாதத்தில் நிற்கிறான். எனவே தொடையின் முன்புறம் ஸ்பாஞ்சை வைத்துப் பருமனாக்கி, கெண்டைக்காலின் பின்புறம் ஒரு முனை துருத்தும்படி இன்னொரு துண்டை வைத்துத் தைத்தால், கால் வளைந்திருப்பதாகக் கண் நம்பிவிடும். பாதம் தரையிலேயே இருப்பதால் ஆடவும் முடியும். உயரக் கட்டைகளை அவன் காலில் கட்டிவிடாதீர்கள்.

மேல்துணிக்குக் காடாவை வாங்கிச் சாம்பல் நிறச் சாயம் ஏற்றுங்கள். பாலியெஸ்டர் பளபளக்கும், அது கல்லாகத் தெரியாது, வியர்வையையும் உறிஞ்சாது.

நகம், பல், காது ஆகியவற்றுக்கு ஈவிஏ நுரைத் தாள் நல்லது. 5 மில்லிமீட்டர் கனம் போதும். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஒட்டிய பின் நகர்த்த முடியாது. அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றும். அறைக்குள் செய்யாமல் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. தெர்மாக்கோலில் மட்டும் அந்தப் பசையைத் தடவாதீர்கள், அது கரைந்து குழியாகிவிடும்.

பதில் 3: கோவிலூர்ச் சாலை

நான் செய்பவன் அல்லன். கல்லூரி நாட்களில் கடைத் திறப்பு விழாக்களில் கரடி வேடத்துக்குள் நின்று சம்பாதித்தவன். உள்ளே இருப்பவனின் பார்வையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். மூடிய வேடத்துக்குள் அது ஆவியாக வழியில்லை. ஆறு நிமிடம் ஆட அரை மணி நேரம் முன்பே வேடம் கட்டி உட்கார வைப்பதுதான் எல்லா விழாக்களிலும் நடக்கும் கொடுமை. தலையைக் கடைசியில், மேடை ஏறும்போது மட்டும் மாட்டுங்கள். 5 வோல்ட் கணினி விசிறி ஒன்றை வாய்ப்பக்கம் காற்றை உள்ளிழுக்கும்படியும், இன்னொன்றை உச்சியில் வெளியேற்றும்படியும் வையுங்கள். பவர் பேங்கைப் பின்மண்டையில் கட்டினால், பள்ளத்தூர்க்காரர் கேட்ட எதிர் எடையும் அதுவே.

பார்வைக்கு யாளியின் கண்ணை நம்ப வேண்டாம், அது உயரத்தில் இருக்கும். திறந்த வாய்க்குள் கறுப்பு வலைத்துணி கட்டி அதன் வழியாகப் பார்க்கட்டும். வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு உள்ளே இருக்கும் முகம் தெரியாது. ஆனாலும் பக்கவாட்டும் காலடியும் தெரியாது என்பதால், மேடை விளிம்பில் ஒருவர் நிற்க வேண்டும். மயக்கமாக இருந்தால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவது என்று ஒரு சைகையை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஸ்பாஞ்சு தீப்பிடித்தால் உருகி உடலில் ஒட்டும். கற்பூரத் தட்டு, பூவாணம் எதுவும் அருகே வரக் கூடாது.

மறுமொழி: தேவகோட்டை அத்தை

மூவருக்கும் மிக்க நன்றி. கூழ்த் தலை இப்போது ஆல்வீடு என்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அலங்காரப் பொருள். பிரம்புக் கூட்டின் மேல் துணியும் நான்கு அடுக்குக் காகிதமும் ஒட்டிய சிம்ம முகம், தலைக்கவசமும் விசிறிகளும் பவர் பேங்கும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. தொடைக்கு வைத்த ஸ்பாஞ்சு கூடிப்போய் முதலில் யானை மாதிரி இருந்ததால் பாதியைக் குறைத்தேன்.

நேற்று மாலை முழு வேடத்துடன் முற்றத்தை நான்கு சுற்று வந்தான். கழுத்து வலிக்கவில்லை என்கிறான். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது காதுகள் இரண்டும் நிலையில் இடித்து மடங்கிவிட்டன. குனிந்து நுழையும்படி அந்தக் காலத்தில் வைத்த நிலை, யாளி நிமிர்ந்து வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? காதுகளைக் கழற்றி மாட்டும்படி காந்தம் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை பள்ளிக்குப் போய் மேடைக்குப் பின்னால் உள்ள கதவின் உயரத்தை அளந்து வர வேண்டும்.