பக்ஸ்கின் கல்ச், பரியா பள்ளத்தாக்கு நடை: விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிராணி வீட்டுத் தம்பி:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, அமெரிக்காவில் யூட்டா அரிசோனா எல்லையில் இருக்கும் பக்ஸ்கின் கல்ச் என்னும் குறுகிய பாறை இடுக்கு வழியாக இறங்கி, பரியா ஆற்றோடு நடந்து லீஸ் ஃபெரியில் வெளியே வரத் திட்டம் போடுகிறோம். வயர் பாஸில் தொடங்கினால் ஏறத்தாழ 70 கிமீ, ஐந்து நாள். முடிந்ததும் கிராண்ட் கேன்யனில் ஒரு குகைக்குள் போக ஆசை. தீபாவளி லீவையொட்டிப் போகலாமா? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் தூக்குவது? அடிடாஸ் கம்போங் என்று நாம் சொல்லும் ரப்பர் சப்பாத்து தாங்குமா?

மலைப்பாதை அண்ணன்:

தம்பி, எவ்வளவு தண்ணீர் தூக்குவது என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் வந்தால் எங்கே ஏறுவது என்பதுதான் முதல் கேள்வி.

நம் பக்கத்து ஆறுகளில் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வருவது உங்களுக்குத் தெரியும். மழை மேலே எங்கோ பெய்யும், குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். ஆனால் இங்கே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், கரையேறச் சில நிமிஷமாவது கிடைக்கும். பக்ஸ்கினில் பெரும்பாலும் காய்ந்த மணல்தான் தரை. கலங்குவதற்கே அங்கே தண்ணீர் இல்லை. மேலே வெறும் பாறை, மெல்லிய மண். பெய்கிற மழையை உறிஞ்ச ஒன்றுமில்லாததால் அத்தனையும் அந்த இடுக்கில்தான் இறங்குகிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, அதே வட்டாரத்தில் இருக்கும் ஆண்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல கிமீ தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயான் தேசியப் பூங்காவின் கீஹோல் இடுக்கில் ஏழு பேர் இறந்தார்கள். இரண்டுமே கோடை இடிமழைக் காலம். ஆகவே ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

தீபாவளி லீவும் சரிப்படாது. பக்ஸ்கினுக்குள் வெயிலே படாத குட்டைகள் உண்டு. சில சமயம் முழங்கால் அளவு இருக்கும், சில சமயம் மார்பளவு. நவம்பரில் அந்தத் தண்ணீரில் இறங்கினால் பாலைவனத்திலேயே உடல் விறைத்துப்போகும். பகலும் குறைவு. நமக்கு ஆண்டு முழுக்க ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், அங்கே நவம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், சுவருக்குள் அதற்கும் முன்னால். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பார்த்து லீவு எழுதுங்கள்.

வானிலை பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் பேஜ் ஊரை மட்டும் பார்க்காதீர்கள். பரியா ஆறு பிறப்பது பிரைஸ் கேன்யன் பக்கம். அங்கே மழை என்றால் உங்களுக்கு வெள்ளம். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இந்தப் பகுதிக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாகத் தினமும் சொல்கிறது. ஆகக் கீழ்ப்படியான ‘எதிர்பார்க்கப்படவில்லை’ என்று இருக்கும் நாளில் மட்டும் இறங்குங்கள். எட்டுப் பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அன்று இறங்குவதில்லை என்று இங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், வாடகைக் கார், வேலையில் கேட்டு வாங்கிய லீவு எல்லாம் கண்முன் நிற்கும்போது அங்கே போய் நியாயம் பேச முடியாது.

முதல் நாள்தான் கடினம். வயர் பாஸிலிருந்து பரியா ஆற்றைச் சேரும் இடம் வரை சுமார் 22 கிமீ. நம்பக்கூடிய குடிநீர் இல்லை, அந்தச் சங்கமத்தை நெருங்கும் வரை கூடாரம் போட இடமும் இல்லை. மணலிலும் உருண்டைக் கல்லிலும் மணிக்கு 2 அல்லது 2.5 கிமீதான் நகரும். விடிந்ததும் நடக்கத் தொடங்கினால்தான் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம். ஏறத்தாழ பாதி வழியில் ‘மிடில் ரூட்’ என்று ஒரே ஒரு வெளியேறும் வழி இருக்கிறது, அதுவும் கைவைத்து ஏற வேண்டிய பாறை. கீழிருந்து பார்த்தால் எளிதில் அடையாளம் தெரியாது, ஆழத்தில் ஜிபிஎஸும் தடுமாறும். ஆகவே எத்தனை மணி நேரத்தில் அங்கே வந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கமத்துக்குச் சற்று முன்னால் பெரும்பாறைகள் விழுந்து அடைத்த ஓர் இடம் வரும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அதன் அமைப்பு மாறும். பைகளை இறக்க 15 மீட்டர் கயிறு கொண்டு போங்கள். முன்பு போனவர்கள் கட்டி விட்டுப்போன கயிற்றில் உடம்பைத் தொங்கவிடாதீர்கள். வெயிலும் மணலும் அதை எவ்வளவு தின்றிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது.

டிரெசர் அக்கா:

பால்மரக் காட்டில் அரை மணி நடந்தாலே சட்டை நனைந்துவிடும், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று புரிந்துவிடும். அங்கே காற்று காய்ந்தது. வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடும். ‘வியர்க்கவே இல்லை’ என்று நினைத்துக் குடிக்காமல் விடுவதுதான் நம்மவர்களுக்கு வரும் முதல் சிக்கல். சட்டையில் வெள்ளை உப்புக் கோடு, அடர் மஞ்சள் சிறுநீர், காரணமில்லாத எரிச்சல் இவற்றைக் கவனியுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். பக்ஸ்கின் நாளுக்கு 5 லிட்டர், அதாவது தோளில் 5 கிலோ. மற்றச் சாமானை அதற்கேற்பக் குறையுங்கள்.

வெறும் தண்ணீரையே விடாமல் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், நீர்வற்றலைப் போலவே தெரியும். நிறையக் குடித்திருக்கிறார், சிறுநீர் நிறமில்லாமல் போகிறது, விரல்கள் வீங்கியிருக்கின்றன என்றால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலில் உட்கார வைத்து உப்பான தின்பண்டம் கொடுங்கள். குழப்பம் தெளியாவிட்டால் நடையை நிறுத்தி உதவி கேளுங்கள். முறுக்கும் ஓமப்பொடியும் இதற்கு நல்லது. உப்புக்கரைசல் பொட்டலம் ஆளுக்கு ஆறு வையுங்கள். தீர்ந்தால் 1 லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் கெடுதல், கண்ணளவில் போடாதீர்கள்.

இறைச்சி சேர்ந்த உணவை இங்கிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்த உணவானாலும் அமெரிக்கச் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

மளிகைக்கடைத் தம்பி:

பரியா ஆற்றுத் தண்ணீர் வண்டல் நிறைந்தது. அப்படியே வடிகட்டியில் விட்டால் ஒன்றிரண்டு லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். நம் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பொடித்துக் கொண்டு போங்கள். மடக்கு வாளியில் 4 லிட்டருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிஷம் மெதுவாகக் கலக்கி, அரை மணி அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுங்கள். படிகாரம் கிருமியைக் கொல்லாது. அதற்குப் பிறகு வடிகட்டியும் வேண்டும், குளோரின் மாத்திரையும் வேண்டும். குளிர் இரவில் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை உள்ளே தண்ணீர் உறைந்தால் நுண்குழாய் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஊற்றுநீர் கிடைத்தால் ஆற்றைத் தொடவே வேண்டாம். சங்கமத்துக்குக் கீழே 8 கிமீ போல் நடந்தால் பிக் ஸ்பிரிங் வரும். கடைசி ஊற்றைத் தாண்டினால் லீஸ் ஃபெரி வரை சுமார் 20 கிமீ, பள்ளத்தாக்கு அகன்று வெயில் நேராக இறங்கும் பகுதி. அந்தக் கடைசி ஊற்றில் எல்லாப் போத்தலையும் நிரப்பாமல் கிளம்பக்கூடாது.

அடிடாஸ் கம்போங் பற்றி: நம் சேற்றுக்கு அதைப்போல் ஒன்று இல்லை, உண்மை. ஆனால் பரியாவில் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ரப்பர் சப்பாத்துக்குள் புகுந்த மணலும் தண்ணீரும் வெளியேற வழியில்லை, இரண்டாம் நாளே குதிகால் உரிந்துவிடும். அடிப்பாகமும் மெல்லியது. தண்ணீர் வடியும் வலைத்துணி சப்பாத்தும் நியோபிரீன் காலுறையும் வாங்குங்கள். கையில் ஒரு தடி கட்டாயம், புதைமணலை ஊன்றிப் பார்க்க. கால் புதைந்தால் நண்பர்கள் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பையைக் கழற்றிவிட்டுப் பின்னால் சாய்ந்து, காலைச் சிறிது சிறிதாக ஆட்டித் தண்ணீர் உள்ளே புக விட்டால் தானாக இளகும்.

பெர்மிட்டையும் மறக்காதீர்கள். இரவு தங்க ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி, ஒரு குழுவில் 10 பேர் வரை. நெருப்பு மூட்டக்கூடாது. மலத்தையும் பையில் கட்டி வெளியே தூக்கிவர வேண்டும்.

குகை அண்ணன்:

கிராண்ட் கேன்யனில் ஏறக்குறைய எல்லாக் குகைகளும் மூடியவை. அனுமதியின்றி நுழையக்கூடியது ஹார்ஸ்ஷூ மேசா என்னும் தட்டையான மேட்டில் இருக்கும் கேவ் ஆஃப் த டோம்ஸ். கிராண்ட்வியூ பாதையில் சுமார் 5 கிமீ, ஏறத்தாழ 800 மீட்டர் இறக்கம், வழியில் தண்ணீர் இல்லை. இறங்கியதையெல்லாம் வெயிலில் ஏற வேண்டும், ஐந்து நாள் நடந்த கால்களோடு. நடுவில் ஒரு முழு நாள் ஓய்வு வையுங்கள்.

நம் ஊர்க் குகையான குவா தெம்புருங்கில் போட்ட சப்பாத்து, கையுறை, தலைக்கவசம் எதையும் அங்கே எடுத்துப் போகாதீர்கள். வட அமெரிக்காவில் 2006 முதல் வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சை நோய் லட்சக்கணக்கில் வௌவால்களைக் கொன்றிருக்கிறது. ஒரு குகையில் போட்டதை இன்னொரு குகைக்குக் கொண்டு போகாமல் இருப்பதுதான் நல்லது. ஆளுக்கு மூன்று விளக்கு, தனித்தனி பேட்டரி. காய்ந்த குகைகளிலும் பாறைக் குடைவுகளிலும் எலிப் புழுக்கை கிடந்தால் அங்கே படுக்காதீர்கள், தூசியைக் கிளப்பாதீர்கள். ஹாண்டா வைரஸ் அந்தத் தூசி வழியாகத்தான் வரும், 1993இல் அந்த வட்டாரத்திலேயே பலர் இறந்தார்கள். பழங்குடியினரின் தானியக் குதிர்களும் சுவர்களும் கண்ணில் பட்டால் தொடாமல் வாருங்கள், ஓட்டுத்துண்டு எடுப்பதும் அங்கே குற்றம்.

கிராணி வீட்டுத் தம்பி:

நன்றி அண்ணே, அக்கா. வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது? அம்மா பயப்படுகிறார்.

மலைப்பாதை அண்ணன்:

சாட்டிலைட் கருவி எடுத்துப் போங்கள், ஆனால் இடுக்குக்குள் வானம் ஒரு கீற்றுதான் தெரியும், செய்தி போகாமல் நிற்கலாம். அம்மாவிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள். பாதை, கார் எண், எட்டுப் பேர் பெயர், பெர்மிட் எண், அந்த வட்டார ஷெரிப் அலுவலகத்தின் தொலைபேசி எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு வெளியே வருவதாகத் திட்டமென்றால், மறுநாள் நண்பகல் வரை தகவல் இல்லாவிட்டால் அழைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் யூட்டா நேரம் நமக்கு 14 மணி பின்னால், அரிசோனா 15 மணி பின்னால். தொடங்குவது ஒரு மாநிலத்தில், முடிப்பது இன்னொன்றில். ஆகவே அந்தத் தாளில் மலேசிய நேரத்தை மட்டும் எழுதுங்கள்.