3,000 ரூபாய்க்குள் முதல் மீன் தொட்டி: எது வாங்கலாம்?

வணக்கம். மகளின் ஆசைக்காக வீட்டில் மீன் வளர்க்கப் போகிறோம். தொட்டி, ஃபில்டர், மூடி, விளக்கு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

சென்னை கொளத்தூரில் விசாரித்தபோது ஒரு கடையில், சின்னக் கண்ணாடி ஜாடியில் தங்கமீன் போதும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். ஜாடிக்குள் அது பாவம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். அதில் கப்பி, மோலி விடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு அதிகமுள்ள கடின நீர். இந்த மீன்கள் அதைத் தாங்கும்.

இதற்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதுமா? பழைய தொட்டி வாங்கினால், சிலிக்கான் ஒட்டு இன்னும் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரோடு 60 கிலோவுக்கு மேல் வருமே, சாதாரண மர மேசை போதுமா?

மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை, தீங்கு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும், அப்புறம்தான் மீன் வாங்குவோம். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்த பாக்டீரியா உள்ள பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கொஞ்சம் தர முடியுமா? பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.