புயலில் போன வீட்டையும் படகையும் மீட்டுத் தருவது அரசின் பொறுப்பா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டது:

வணக்கம். போன வாரம் ஒரு திருமண வீட்டில் எழுந்த பேச்சு இன்னும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரையில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "கடலை ஒட்டிக் குடியிருப்பது அவரவர் முடிவு. புயலில் போனதையெல்லாம் வரிப்பணத்தில் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அடுத்த புயல் வரும்போதும் அதே இடத்தில் அதே குடிசைதான் நிற்கும்" என்றார். அவர் மனம் இளகாதவர் அல்லர். 2018-இல் கஜா புயல் வேதாரண்யத்தைச் சிதைத்தபோது தம் செலவில் அரிசி மூட்டைகள் அனுப்பியவர். அதனாலேயே அவருடைய கேள்வியை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. சோறும் தார்ப்பாயும் கொடுப்பது அரசின் கடமை என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பிறகு வீடு, படகு, வலை ஆகியவற்றுக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டுமா என்பதில்தான் நாங்கள் பிரிகிறோம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போதெல்லாம் கரையில் நின்று கயிற்றைச் சரிபார்ப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, சித்தப்பாவை ஒருமுறை தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஊரை எட்டும் முன்பே அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதே புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைத்து முடித்தார்கள். ஊரையோ வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டார்கள். பாலத்துக்குச் செலவழித்ததை நான் குறை சொல்லவில்லை. சாலைப் பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், அன்று இந்த இராமேசுவரம் தீவுக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்த ஊரின் கடலை நம்பியிருந்த மீனவக் குடும்பங்கள் மணலில் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே தொழில் செய்தார்கள். தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல் வந்தது; இன்று சுற்றுலா வண்டிகள் அந்தக் குடிசைகளைத் தாண்டித்தான் போகின்றன. ஆகவே, பேரிடருக்குப் பிறகு அரசு செலவழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம் கரையில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது. பாலமும் சாலையும் பொதுச்சொத்து, மீனவனின் வள்ளம் மட்டும் அவன் சொந்தக் கவலை என்று கோடு கிழிப்பது சரிதானா என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

இராமநாதபுரம், வருவாய்த் துறையில் பணியாற்றியவன்:

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். மாநிலப் பேரிடர் நிதியில் தமிழகம் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், முழுவதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய், வலைக்கு 4,000 ரூபாய். மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பதுண்டு. 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, முழுவதும் சேதமான கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 50,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஃபைபர் படகையும் இன்ஜினையும் இன்று புதிதாக வாங்க லட்சக்கணக்கில் ஆகும் என்பது கரையில் உள்ள அனைவருக்கும் தெரியும். அரசே எல்லாவற்றையும் கட்டித் தருகிறது என்ற எண்ணம் இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. மிச்சத்தை மீனவர்கள் வட்டிக்கு வாங்கியோ, மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியோதான் ஈடுகட்டுகிறார்கள்.

"அதே இடத்தில் அதே குடிசை" என்ற கவலை நியாயமானது. சுனாமிக்குப் பிறகு 2005-இல் தமிழக அரசு எடுத்த முடிவு அதற்கான விடைதான். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து) 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்கள், அதற்கு அப்பால் செல்லச் சம்மதித்தால் 1,50,000 ரூபாய் மதிப்பில் புது வீடு. பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கரையிலேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. நிபந்தனையோடு உதவுவது இயலாத காரியம் அன்று. எனினும் படகு கண்ணில் படாத தூரத்தில் கட்டிய வீட்டில் மீனவனுக்குத் தூக்கம் வராது என்பதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பாம்பன், கடற்பாசி வளர்க்கும் பெண்:

ஐயா சொன்ன பட்டியலில் படகும் வலையும் இருக்கின்றன. எங்கள் மிதவை இல்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் சட்டம், அதன் குறுக்கே வரிசையாகக் கயிறு, கயிறு நெடுகப் பாசிக் கொத்துகளைக் கட்டியிருப்போம். போன முறை காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கரைக்குப் போனேன். மூங்கில் கணுக்கணுவாகப் பிளந்து கிடந்தது. மூன்று பேருடைய கயிறுகள் ஒரே பந்தாகச் சுருண்டு கிடந்ததில் என்னுடையது எது, அக்காவுடையது எது என்று அடையாளம் காண முடியவில்லை. கணக்கெடுக்க வந்தவர் படகுகளைப் படம் பிடித்தார். எங்களிடம், "உங்களுக்குப் பதிவு எண் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்; அவர் அடுத்த படகுக்குப் போய்விட்டார். விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் காட்டுவதற்கு உடைந்த பொருள்கூட இருக்காது. கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவர்களுக்கு இழப்புதான். அரசு தர வேண்டுமா என்று சித்தப்பா கேட்கிறார். தருவதற்கு முன்னால் எங்களை எண்ண வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

தொண்டி வாசகர்:

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அறிவிப்புக்குக் காத்திருப்பதைவிட, படகுக்கும் மிதவைக்கும் காப்பீடு கட்டாயமாக்கி, பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசே செலுத்துவது நல்லது. அப்போது இழப்பீடு உரிமையாகக் கிடைக்கும். யாரிடமும் மனுவோடு நிற்க வேண்டியதில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பாம்பன் சகோதரியின் பதிவைச் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு மிதவை போட என்ன செலவாகும் என்று கேட்டார். காப்பீட்டுக்கும் பதிவு எண்தான் முதலில் தேவைப்படும் என்பதால், மிதவைகளைப் புயல் காலத்துக்கு முன்பே படத்தோடு பதிவு செய்யக் கோரி வரும் கிராம சபையில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சகோதரி, உங்கள் குழுவில் எத்தனை பேர், எத்தனை மிதவைகள் என்று எழுதினால் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.