மறு: ஒன்பதாம் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

மாங்குளத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பெண்கள் உடல்நலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்பதாம் பக்கம்தான் இழுபடுகிறது. பாலுறவின்போது உடலில் நடப்பதைப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் 1966இல் வகுத்த நான்கு கட்டங்களில் கிளர்ச்சி, மேட்டுநிலை, தணிவு மூன்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. தணிவுக்கு முன்னால் வரும் 'ஓர்கஸம்' (orgasm) என்பதற்கு 'உச்சக்கட்டம்' என்று போட்டுப் போன கிழமை வகுப்பில் வாசித்தேன். பின்வாங்கில் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளை, அது ரேடியோவில சண்டைக்குச் சொன்ன சொல்லெல்லோ" என்றார். 2009இல் கடைசிப் போரின்போது வன்னிக்குள்ளேயே இருந்தவர். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு சொல் தாருங்கள்.

வவுனியாவிலிருந்து:
மகள், 'உவகை' இருக்க ஏன் தேடுகிறீர்கள்? "செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே" என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடு என்றாலே மெய்யில் படுவதுதான். உவ, உவப்பு, உவகை என்று போனால், உயரப் பறக்கும் உவணம் என்ற பருந்துவரை இழுக்கலாம். 'பரவசம்' மட்டும் வேண்டாம், வடசொல்.

கிளிநொச்சியிலிருந்து:
சேர், பேரன் சோதினை பாஸ் பண்ணினாலும் உவகைதானே? இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு அக்கா கிளினிக்கில் எனக்குச் சொன்னது இது: "குளம் வான் பாயுற மாதிரி, தங்கச்சி. பிறகு ஒரு நித்திரை." குளம் நிரம்பி வழிவதுபோல 'வான்பாய்தல்' என்றே போட்டால் என்ன?

வவுனியாவிலிருந்து:
இந்த 'வான்' சிங்களத்திலும் உண்டே. யார் யாரிடம் வாங்கியது? மழை தரும் வான்தான் இது என்று நான் நினைக்கிறேன்.

(இதன்மேல் ஏழு மடல்கள் வந்தன. ஒன்றிலும் ஒன்பதாம் பக்கம் இல்லை.)

முல்லைத்தீவிலிருந்து:
நான் உயிரியல் படிப்பிக்கிறவன். வான்பாய்தல் வடிவான சொல், ஆனால் ஏதோ வெளியே வரவேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆண்களில்கூட விந்து வெளியேறுவதும் இதுவும் வேறு வேறு. பெரும்பாலும் சேர்ந்து வருவதால் ஒன்றாகத் தெரிகிறது. நடப்பது இடுப்புத்தளத் தசைகள் தாமாகச் சுருங்கி விரிவது. தொடக்கத்தில் ஏறத்தாழ 0.8 செக்கனுக்கு ஒருமுறை, போகப்போக இடைவெளி கூடும். கையைப் பொத்தி விரித்துக் காட்டினால் விளங்கிவிடும். 'இன்பத்துடிப்பு' என்று போடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து:
துடிப்பைத் தனியாக உணராதவர்களும் இருக்கிறார்கள் அண்ணை. ஆனாலும் சரி. எனக்கு 'உச்சம்' பிடிக்காததற்குக் காரணம் அதற்குப் பின்னால் வரும் 'அடைதல்'. அடையாதவள் பெயில் என்றாகிறது. "எனக்கு அப்பிடி ஒண்டும் வாறேல்லை, இது வருத்தமோ?" என்று ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது. உறவால் மட்டும் வராதவர்கள் நிறையப் பேர். வெளியே சிறு மொட்டாகத் தெரியும் உறுப்பின் (கிளிட்டோரிஸ்) பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது என்று படம் கீறிக் காட்டினேன். பெயர் எதுவானாலும் வினை 'வரும்' என்றே இருக்கட்டும். வரலாம், வராமலும் விடலாம், தன் கையாலும் வரும்.

மாங்குளத்திலிருந்து:
சரி, 'இன்பத்துடிப்பு' போடுகிறேன். வினை எல்லா இடத்திலும் 'வரும்'. குளம் பெட்டிச் செய்தியில் வரும்.

வவுனியாவிலிருந்து:
போடுங்கள். என் பிரதியில் பேனையால் 'உவகை' என்று திருத்திக்கொள்வேன்.

முல்லைத்தீவிலிருந்து:
ஒரு சந்தேகம். 'மேட்டுநிலை' யார் போட்டது? எங்கள் பக்கம் மேட்டுநிலம் என்றால் கச்சானும் உழுந்தும்தான் ஞாபகம் வரும்.