ரோட்டுக்கும் மனைக்கும் நடுவில் வாய்க்கால்: கல்வெர்ட் (சிறுபாலம்) போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பெரும்பாக்கம்_மனை:
வணக்கம். பெரும்பாக்கம் பக்கம் 1,800 சதுர அடியில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். பட்டா இருக்கிறது, வில்லங்கம் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. ஆனால் ரோட்டுக்கும் மனைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் போகிறது. எஃப்.எம்.பி.யில் (சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில்) 6 மீட்டருக்கு மேல் அகலம் காட்டுகிறது, நேரில் போனால் இரண்டு மீட்டர்கூட இல்லை, கோரையும் கட்டட இடிபாடும்தான் கிடக்கிறது. பக்கத்து மனைக்காரர் இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு மேலே மண் கொட்டிப் பாதை ஆக்கிக்கொண்டிருக்கிறார். புரோக்கர் "நீங்களும் அப்படியே போட்டுக்கோங்க சார், வீட்டு பிளான் ஆன்லைன்ல உடனே வந்துடும், யாரும் கேட்கப் போறதில்லை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்வெர்ட்டுக்கு எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும்? பள்ளிக்கரணைச் சதுப்புக்கான ராம்சார் (சர்வதேச ஈரநில ஒப்பந்தம்) விதி எங்களுக்கும் வருமா? நீர்நிலையிலிருந்து 50 மீட்டர் தள்ளித்தான் கட்டணும் என்கிறார்களே, அது வாய்க்காலுக்கும் உண்டா? அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

சைட்_இன்ஜினியர்:
அட்வான்ஸ் கொடுக்காமல் கேட்டீர்களே, நல்லது.

அ-பதிவேட்டில் (கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த வாய்க்காலின் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள், தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்திலேயே பார்க்கலாம். வாய்க்கால், ஓடை, நீர்வழிப் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம், அதன் மேல் ஒரு கூடை மண் போடுவதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. ஏரிக்கு வருகிற வரத்து வாய்க்கால், ஏரியிலிருந்து போகிற கலங்கல் (உபரிநீர்) வாய்க்கால் என்றால் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்ததால் இன்னும் எல்லோரும் பி.டபிள்யூ.டி. என்ஓசி என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். அது ஊராட்சியின் வடிகால் என்றால் முதலில் ஊராட்சியைக் கேளுங்கள்.

வரைபடம் போடும்போது எஃப்.எம்.பி.யில் இருக்கிற முழு அகலத்துக்கும் போடுங்கள். இப்போது தூர்ந்துபோய் இரண்டு மீட்டராக நிற்பதை வைத்து டிசைன் பண்ணினால் ஆக்கிரமிப்பை நீங்களே நிரந்தரமாக்கின மாதிரி ஆகிவிடும், நாளைக்குத் தூர்வாரும்போது முதலில் உடைவதும் உங்கள் கல்வெர்ட்தான். குழாய் வேண்டவே வேண்டாம். ஆகாயத்தாமரையும் பாலிதீனும் ஒரு மழைக்கே குழாய் வாயை அடைத்துவிடும், தண்ணீர் பின்னால் ஏறி மேலே இருக்கிற தெருவுக்குள் போகும். பெட்டிக் கல்வெர்ட்டோ ஸ்லாப் கல்வெர்ட்டோ போடுங்கள், அடித்தளம் வாய்க்காலின் பழைய தரைமட்டத்துக்கு மேலே ஒரு அங்குலம்கூட வரக் கூடாது. இப்போதைய தரை என்பது சேறும் இடிபாடும் சேர்ந்தது, மேலேயும் கீழேயும் கொஞ்ச தூரம் லெவல் எடுத்தால்தான் உண்மையான சரிவு தெரியும்.

சதுப்பு_ஆர்வலர்:
50 மீட்டர் விஷயத்தில் நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். அது 2017-ஆம் வருட ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில் வருவது. அந்த விதிகள் வந்ததற்கு முந்தைய பத்து வருடத்தில் பார்த்த சராசரி உயர்ந்த வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் ராம்சார் இடங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் அந்த விதிகள். ஆற்றுப்போக்கு, நெல்வயல், குடிநீருக்கோ பாசனத்துக்கோ வெட்டின நீர்நிலை எல்லாவற்றையும் விளக்கத்திலேயே வெளியே வைத்துவிட்டார்கள். நம்ம ஊர் ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டினவை, அதனால் இந்த விதியை நம்பி அவற்றைக் காப்பாற்ற முடியாது. 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம்தான் அங்கே கை கொடுக்கும். இந்த ஓட்டை எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம்.

பள்ளிக்கரணை வேறு கதை. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் இடமானது, அதில் பெரும்பாக்கம் பக்கமும் வருகிறது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடிகிற வரைக்கும் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) சொன்னது. உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா, அந்த உத்தரவு இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சி.எம்.டி.ஏ.விடம் எழுதிக் கேட்டுப் பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

சைட்_இன்ஜினியர்:
ஆன்லைன் பிளான் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைத்தான் புரோக்கர் சொல்கிறார். 2,500 சதுர அடி வரைக்குமான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் உடனே அனுமதி வரும், உண்மைதான். ஆனால் அங்கே யாரும் வந்து இடத்தைப் பார்த்துச் சரி சொல்வதில்லை, எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். வாய்க்கால் விஷயம் பின்னால் வெளியே வந்தால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

பெரும்பாக்கம்_மனை:
ரொம்ப நன்றி. அ-பதிவேட்டில் பார்த்துவிட்டேன், வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. லே-அவுட் அப்ரூவல் கேட்டால் அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017 திட்டத்தில் வரன்முறை ஆகிவிட்டது என்கிறார்கள், அது போதுமா?

பழைய_சர்வேயர்:
போதாது. நீர்நிலையிலும் வாய்க்காலிலும் இருக்கிற மனைகளுக்கு அந்த வரன்முறையே கிடையாது. வரன்முறை உத்தரவின் நகலில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தாலுகா ஆபீஸில் யுடிஆருக்கு (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பழைய அ-பதிவேட்டுக்கும் எஸ்.எல்.ஆருக்கும் (பழைய நிலவரித் திட்டப் பதிவேடு) நகல் மனு போடுங்கள். எண்பதுகளில் யுடிஆர் நடந்தபோது ஓடையும் கழிவெளியும் (சதுப்பு நிலம்) சில இடங்களில் பட்டாவாக மாறியிருக்கின்றன, இன்றைய பட்டாவில் அது தெரியாது. முப்பது வருட வில்லங்கத்திலும் தெரியாது. உங்கள் மனையின் பழைய சர்வே எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சதுப்பு_ஆர்வலர்:
இன்னொன்று. சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். உங்கள் வாய்க்கால் அந்த வழியில் இருந்தால் கல்வெர்ட் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மனை மழைக்குத் தாழ்வாகத்தான் இருக்கும். பக்கத்து வீடுகளில் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அங்கே குடியிருக்கிறவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

பெரும்பாக்கம்_மனை:
திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் பழைய பதிவேட்டுக்கு மனு போடுகிறேன், சி.எம்.டி.ஏ.வுக்கும் எழுதுகிறேன். பதில் வருகிற வரை அட்வான்ஸ் இல்லை என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன்.