வார்னிஷ் பூசிய மறுநாள் மாதிரி விமானம் முழுக்க வெண்படலம்: காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: சென்னையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தின் பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டி வந்தேன். இது எனக்கு இரண்டாவது கிட். 1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போர்க் காலத்து வண்ணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மேலே அடர் மண்நிறமும் அடர்பச்சையும், அடிப்பக்கம் ‘ஸ்கை’ என்னும் வெளிர்பச்சை.

விமானி அறையின் மேலுள்ள கண்ணாடி போன்ற மூடியான கேனோபியை மூடிய நிலையில் சூப்பர் க்ளூவால் ஒட்டி, அதன்மேல் மறைப்பு நாடாவை வெட்டி ஒட்டிவிட்டு, மேட், அதாவது பளபளப்பில்லாத, அக்ரிலிக் வண்ணங்களைக் காற்றழுத்தத்தால் தெளிக்கும் ஏர்பிரஷால் அடித்தேன். ஒரு நாள் உலரவிட்ட பிறகு, அந்த வண்ணத்தின் மேல் நேரடியாக டெக்கால்களை, அதாவது சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படலங்களை, ஒட்டினேன். அன்று மாலையே, ஐப்பசி அடைமழை சற்று விட்டிருந்த அரைமணி நேரத்தில், பால்கனியில் வைத்து ஸ்ப்ரே கேனிலிருந்து மேட் வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலையில் மறைப்பு நாடாவை உரித்துப் பார்த்தபோது மனம் உடைந்துவிட்டது. இறக்கைகளின் மேல் மாவு தூவியது போல வெண்மை படர்ந்திருக்கிறது. வட்டச் சின்னங்களையும் படைப்பிரிவு எழுத்துகளையும் சுற்றி வெள்ளி போல மினுமினுக்கிறது. கேனோபியும் மூடுபனி படிந்த கண்ணாடி போல ஆகிவிட்டது. அதன் உட்புறத்தில் என் கட்டைவிரல் ரேகை வெள்ளை நிறத்தில் தெளிவாகத் தெரிகிறது, துடைத்தால் போகவில்லை.

மழைக்கால ஈரத்தில் வார்னிஷ் கெட்டுப்போய், கேனோபியின் இடுக்கு வழியாக உள்ளேயும் புகுந்துவிட்டது என்று நினைக்கிறேன். அனைத்தையும் கரைத்து எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குவதைத் தவிர வேறு வழி உண்டா? டெக்கால் தாள் ஒன்றுதான் இருந்தது, அதில் மிச்சம் எதுவும் இல்லை.

மறுமொழி: மதுரையிலிருந்து

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் முழுவதும் வந்துவிடும், பிளாஸ்டிக்கிற்கு எதுவும் ஆகாது. நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். டெக்கால் போகும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பழுது பார்த்துக்கொண்டிருப்பதைவிட அதுவே சுருக்கமான வழி.

மறுமொழி: பினாங்கிலிருந்து

மதுரை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதையும் கரைக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. கேட்டவர் மூன்று வெள்ளைகளை ஒரே நாளில் பார்த்ததால் ஒரே நோய் என்று எண்ணிவிட்டார். அவை மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் ஊரில் பதினைந்து வருடங்களாக மாதிரிகள் கட்டி, இவை மூன்றையும் தனித்தனியாக அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கேனோபி. அந்தக் கட்டைவிரல் ரேகைதான் இங்கே சாட்சி. வார்னிஷ் உள்ளே புகுந்திருந்தால் ரேகை தெரிந்திருக்காது. சூப்பர் க்ளூ, அதாவது சயனோஅக்ரிலேட், இறுகும்போது அதில் ஒரு பகுதி ஆவியாக எழுகிறது. அந்த ஆவி காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தைத் தொட்டவுடன் வெண்துகள்களாக இறுகிப் படிகிறது. விரல் பட்ட இடத்தில் வியர்வையும் உப்பும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் அங்கே அதிகமாகப் படியும். தடய அறிவியல் கூடங்களில், கண்ணுக்குத் தெரியாத கைரேகைகளை வெளிக்கொண்டுவருவதற்கு இதே ஆவியைத்தான் மூடிய பெட்டிக்குள் செலுத்துகிறார்கள். உங்கள் விமானி அறை அப்படி ஒரு மூடிய பெட்டியாக அமைந்துவிட்டது. நாடா மேலே இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லையே தவிர, வார்னிஷ் அடிப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே அது பூத்திருக்கும்.

அடுத்தது டெக்கால்களைச் சுற்றியுள்ள மினுமினுப்பு. மேட் வண்ணம் ஒளியைச் சிதறடிப்பதே அதன் மேற்பரப்பு மிக நுண்ணிய மேடு பள்ளமாக இருப்பதால்தான். ஜல்லிக்கல் மேல் பாய் விரித்தால் பாய் கல்லின் முனைகளில் மட்டும் தங்கி, இடையில் வெற்றிடம் விடுவதைப் போல, டெக்காலின் மெல்லிய படலமும் மேடுகளில் தங்கி, பள்ளங்களில் காற்றைச் சிறைபிடித்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் வெள்ளியாகத் தெரிகிறது. இதை நாங்கள் ‘சில்வரிங்’ என்போம். மாதிரியைக் கையில் எடுத்து விளக்கின் கீழ் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் மறைந்து இன்னொரு கோணத்தில் பளிச்சிட்டு, அதன் எல்லை டெக்கால் படலத்தின் விளிம்போடு நின்றுவிட்டால், ஐயமே வேண்டாம், அது இதுதான். டெக்காலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடிக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் அழகுக்காக அல்ல, அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்காக.

இறக்கையில் உள்ள மாவு மட்டுமே வார்னிஷின் வேலை. அதைப் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் கோவையில் இருக்கிறார். அவர் வரும்வரை எதையும் தொடாதீர்கள். குறிப்பாக, நகப்பூச்சு நீக்கியைக் கேனோபியின் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைப்பதற்கு முன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

மறுமொழி: கோவையிலிருந்து

என்னை இழுத்துவிட்டார்கள், எழுதுகிறேன். வேதியியல் படித்தவன் என்பதால் சற்று நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

ஸ்ப்ரே கேனிலிருந்து வரும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் தான் இருந்த இடத்தின் வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். மருத்துவமனையில் ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவும்போது கை சில்லென்று ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மாலையில் சென்னையில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருந்ததாக வைத்துக்கொண்டால், காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதாவது வார்னிஷ் படலம் வெறும் இரண்டு டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படிந்துவிடும். அந்த நீர் இன்னும் இறுகாத பிசினோடு கலந்து, அதைத் தெளிவான படலமாக அமையவிடாமல் வெண்மையாகத் திரிய வைக்கிறது. அதே 27 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்திருந்தால் பனிநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும், இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வந்திருக்காது. மழை நின்றிருக்கிறதா என்பது முக்கியமல்ல. மழை நின்ற உடனே காற்று உலர்ந்துவிடுவதில்லை.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். மேட் வார்னிஷை மேட்டாக ஆக்குவது அதில் கலந்திருக்கும் மிக நுண்ணிய சிலிக்கா போன்ற தூள். கேனை நன்றாகக் குலுக்காவிட்டால் அது அடியில் தங்கி, சில இடங்களில் திட்டுத்திட்டாக வந்து விழும். உள்ளே இருக்கும் குண்டு கலகலவென்று ஓசையிடத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

எது காரணமாக இருந்தாலும் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, இறக்கையின் ஓர் ஓரத்தில் தடவுங்கள். நனைந்திருக்கும்போது வெண்மை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால், அது ஒளியைச் சிதறடிக்கும் மேற்பரப்புக் கோளாறு. தண்ணீரால் மறைவது பளபளப்பு வார்னிஷாலும் மறையும், ஆனால் வார்னிஷ் காய்ந்த பிறகு திரும்பி வராது. சிலர் இதற்கு எண்ணெய் தடவச் சொல்வார்கள்; மறையத்தான் செய்யும், ஆனால் பிறகு அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது, ஆகவே தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள்.

கேட்டவர்

தண்ணீர் தடவினால் மறைகிறது, காய்ந்தால் வருகிறது. டெக்கால் ஓரங்களும் பினாங்கு நண்பர் சொன்னபடியே கோணத்துக்குக் கோணம் மாறுகின்றன. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? கேனோபியைப் பிடுங்கினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மறுமொழி: கோவையிலிருந்து

முதலில் வார்னிஷ். காரணம், அந்த மாவு நீங்கினால்தான் டெக்காலில் உண்மையாகவே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது தெரியும். இப்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. நீரில் கரையும் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷை ஏர்பிரஷால், வீட்டுக்குள், குளிர்சாதனம் ஒரு மணி நேரம் ஓடிய அறையில் அடியுங்கள். அடிக்கும்போது குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னலைத் திறக்காமல், முகமூடி அணிந்துகொள்ளுங்கள். பழைய ஸ்ப்ரே கேனை மறுபடி எடுக்க வேண்டாம். அதன் கரைப்பான் கனமாக விழுந்தால் டெக்கால் சுருங்கக்கூடும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை போதும், இடையில் அரைமணி நேரம்.

பிறகு டெக்கால். மெல்லிய தையல் ஊசியால், மினுக்கும் இடங்களில் மட்டும், வார்னிஷும் படலமும் துளைபடும்படி நெருக்கமாகக் குத்துங்கள். இந்த அளவில் பக்கவாட்டு வட்டச் சின்னம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான், ஆகவே பூதக்கண்ணாடி வேண்டும். துளைகளின் மேல் ‘மைக்ரோ சால்’ போன்ற டெக்கால் இளக்கியை ஒரு துளி விட்டு, அது தானாக உள்ளே உறிஞ்சப்படும்வரை காத்திருங்கள். படலம் முதலில் சுருங்குவது போலத் தெரியும். அந்த நேரத்தில் விரலை வைத்தீர்களானால் சின்னம் விரலோடு வந்துவிடும். தானே படியும்வரை தொடாமல், தேவைப்பட்டால் மறுநாள் மீண்டும் செய்யுங்கள். இளக்கி கிடைக்காவிட்டால் நீர் கலந்த வெள்ளை வினிகரை முயலலாம். வேலை செய்யும், ஆனால் மெதுவாக, அரைகுறையாக.

மறுமொழி: பினாங்கிலிருந்து

கேனோபியை நான் சொல்கிறேன். இறுகிய சூப்பர் க்ளூ இழுவிசையைத் தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. குளிரில் இன்னும் நொறுங்கும். மாதிரியைக் காற்றுப்புகாத பையில் போட்டு, ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும், புதிய கூரிய பிளேடின் முனையைக் கேனோபியின் கீழ் விளிம்பில், சட்டம் உடலைச் சந்திக்கும் கோட்டில் செலுத்தி, நெம்பாமல், சுற்றிலும் கீறிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்ற ஓசை கேட்கும், அங்கிருந்து மற்றவை விட்டுக்கொடுக்கும். கண்ணாடிப் பாகங்களின் பிளாஸ்டிக்கும் எளிதில் விரிசல் விடக்கூடியது என்பதால், முன் கண்ணாடி வளையும் மூலைகளில் அவசரப்படக் கூடாது.

கழன்ற பிறகு உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் பெரும்பகுதி துகள்கள் வந்துவிடும். மீதமிருந்தால் பற்பசையை மென்துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அதே பளபளப்பு வார்னிஷில் முழுதாக முக்கி எடுத்து, கீழ் விளிம்பில் தேங்கும் துளியை காகிதத்தால் உறிஞ்சி, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நுண்கீறல்களையெல்லாம் அந்தப் பூச்சே நிரப்பிவிடும். மறுபடி ஒட்டும்போது ஃபெவிகால். அது வெண்மையாக இருந்தாலும் உலர்ந்ததும் தெளிந்துவிடும், ஆவி கிளப்பாது, தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

கேட்டவர் (பதினெட்டு நாட்களுக்குப் பின்)

தாமதத்திற்கு மன்னிக்கவும், நடுவில் ஒரு வாரம் மழை விடவே இல்லை, நான் எதையும் தொடவில்லை.

இரண்டாவது பூச்சிலேயே இறக்கையின் வெண்மை முற்றிலும் மறைந்தது. டெக்கால்களில் எழுத்துகள் எல்லாம் படிந்துவிட்டன. இடது இறக்கையின் வட்டச் சின்னத்தில் மட்டும், அரிசியில் பாதி அளவுக்கு, நான்கு முறை இளக்கி விட்டும் ஒரு வெள்ளித் திட்டு மிஞ்சியிருக்கிறது. கேனோபி ஃப்ரீசரிலிருந்து வந்ததும் நண்பர் சொன்ன அதே ஓசையோடு கழன்றது, ஆனால் முன் கண்ணாடியின் வலது மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்துவிட்டது. நல்ல வேளையாக அது சட்டத்தின் கோட்டோடு போவதால் அடர்பச்சை வண்ணத்தின் கீழ் மறைந்துவிட்டது. ரேகை ஆல்கஹாலிலேயே போய்விட்டது. வார்னிஷில் முக்கிய கேனோபி வாங்கியபோது இருந்ததைவிடத் தெளிவாக இருக்கிறது, உள்ளே இருக்கும் கருவிப் பலகையைக்கூடப் பார்க்க முடிகிறது. அந்த ஒரு திட்டை என்ன செய்யலாம்?

மறுமொழி: கோவையிலிருந்து

திட்டு சின்னத்தின் நீல வளையத்தில் இருக்கிறதா, சிவப்பு நடுவட்டத்திலா?

கேட்டவர்

நீலத்தில், வெளி ஓரத்தில்.

மறுமொழி: கோவையிலிருந்து

அப்படியானால் இனி இளக்கி வேண்டாம், படலம் கிழிந்துவிடும். நீலத்தோடு ஒத்துப்போகும்படி வண்ணம் கலந்து, மிக மெல்லிய தூரிகையின் நுனியால் திட்டின் மேல் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள். முதலில் வீணான பிளாஸ்டிக் துண்டில் வைத்து, காய்ந்த பிறகு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும். அதன் பிறகு கடைசி மேட் பூச்சு, இந்த முறை ஏர்பிரஷால், வீட்டுக்குள்.